காற்றுப் பெட்டியுடன் திருப்பூரில் ஒன்பது நாள்

திருப்பூரில் நான் தங்கிய லாட்ஜ் அறையில் பிளக் பாயின்ட் கதவோரம் இருந்தது, கட்டில் ஜன்னலோரம் இருந்தது. வந்த அன்று சாயந்திரம் நான் செய்த முதல் வேலை, கட்டிலைக் கதவுப் பக்கம் இழுத்ததுதான். சத்தம் கேட்டு மேனேஜர் மாடியேறி வந்துவிட்டார். அறை பிடிக்கவில்லையா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அறை பிடித்திருக்கிறது, ஆனால் நான் தூங்குவதற்குக் கரண்டு வேண்டும் என்றேன். அவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். பார்ப்பதற்குப் பழைய ரேடியோ மாதிரி ஒரு கனமான இயந்திரம், அதிலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடும் ரப்பர் முகமூடி. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி இதை வீடியோ டெக் என்றே நினைத்தார். மாட்டிக் காட்டிய பிறகுதான் விட்டார். பினாங்கில் எங்கள் டாக்டர் இதைச் சீபேப் என்பார். வீட்டில் அதற்குப் பெயர் காற்றுப் பெட்டி.

தூக்கத்தில் என் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். மூச்சு நிற்கும். மூளை திடுக்கிட்டு உடம்பை எழுப்பும், அடைப்பு விடும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இரவெல்லாம் இதுதான். காலையில் எனக்கு ஒன்றும் நினைவிருக்காது, தலைவலி மட்டும் இருக்கும். பெட்டி செய்வதெல்லாம் மூக்கு வழியாக விடாமல் காற்றை ஊதி அந்தப் பாதையைத் திறந்து வைப்பதுதான். அது வருவதற்கு முன்பு நான் பினாங்குத் தீவிலிருந்து எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போகும் படகில் ஏறித் தூங்கி, இறங்காமல், இரண்டு கரைக்கும் மூன்று முறை போய்வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பிளக்குக்குக் கால் சதுரம். இந்த ஊர்ச் சுவரில் ஓட்டை வட்டம். மேனேஜர் அழைத்து வந்த எலக்ட்ரீசியன் மதுரைப் பக்கத்துக்காரர். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வேறு போடலாம் என்றார். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழியும் இல்லை. வெட்டினார். இயந்திரம் ஓடியது. அவர் முகமூடியில் கை வைத்துப் பார்த்து, "காத்து வாங்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் வந்தது துணி பார்க்க. பினாங்கில் குழந்தைகள் உடுப்பு விற்கும் ஒரு கடைக்கு நான் கொள்முதல் ஆள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எங்கள் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது பெட்டி கட்டி லாரி ஏறும்வரை கூட இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், பினாங்குக்காரன் ஒருவன் இப்படி வந்து நிற்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. லாட்ஜில் எனக்கு எதிர் அறையில் ஒரு டச்சுக்காரர் இருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம். ஒன்பது நாளில் அதற்கு மேல் பேசவில்லை.

இரண்டாம் நாள் காலை கம்பெனி கார் வந்தது. ஓட்டி வந்தவர் கபூர். நாற்பத்தைந்து வயது இருக்கும், குட்டைக் கழுத்து, நல்ல பாரமான உடம்பு, சுத்தமாகத் துவைத்த வெள்ளைச் சட்டை. நான் லாட்ஜ் படியிறங்கி வருவதற்குள் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துத் தூங்கியிருந்தார். கண்ணாடியைத் தட்டியதும் எழுந்து, "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். அன்று முழுவதும் அப்படித்தான். கம்பெனி வாசலில், சாயப்பட்டறை வாசலில், டீக்கடை வாசலில், வண்டி நின்றால் கபூர் தூங்கினார்.

முதலாளி சண்முகம் என்னைவிட இளையவர். அவர் அப்பா தறி நெய்தவராம். மேசைக்குப் பின்னால் வேல் பிடித்த முருகன் படம், மேசைமேல் மூன்று டெலிபோன். அவர் பேச்சில் பாதி ஷிப்மென்ட், அப்ரூவல், ரிஜெக்ஷன். மீதிப் பாதி வாங்க, போங்க, சாப்பிடுங்க. மதியம் அவர் வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சாதம் வந்தது. நெய் ஊற்றிச் சாப்பிட்டேன். அதுவரை விமானச் சாப்பாட்டில் செத்துக் கிடந்த நாக்குக்கு உயிர் வந்தது.

இரவுதான் நீளமாக இருந்தது. லாட்ஜுக்குக் கீழே புரோட்டாக் கடை. எங்கள் ரொட்டி சானாய்க்கு இது அண்ணன், ஆனால் முரட்டு அண்ணன். கடையில் எல்லோரும் நாலைந்து பேராக உட்கார்ந்து அன்றைய வேலையைப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு மேலே வந்தேன். முகமூடியை மாட்டினால் யாரிடமும் பேச முடியாது. பேசத்தான் யாரும் இல்லையே என்று மாட்டிக்கொண்டேன். நடு இரவில் கரண்டு போனது. குழாயில் காற்று நின்றதும் யாரோ முகத்தைத் தலையணையால் அமுக்கியது போல எழுந்தேன். கரண்டு வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பினாங்கில் இது நடந்ததே இல்லை.

மூன்றாம் நாள் சோமனூருக்குப் போனோம். உடுப்புகளைப் போட்டுக் கொடுக்கத் துணிப்பை வேண்டும், அதற்குக் காடாத் துணி பார்க்க. போகிற வழியில் பல்லடத்தில் ஒரு வேலை இருந்ததால் அங்கேயே சாப்பிட்டுவிட்டு ஏறினோம். நான் கபூருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் இருந்தேன்.

பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் கேட்டார் என்று என் மகள் என் தூக்கத்தை ஒரு கேசட்டில் பதிவு செய்தாள். அதில் நான் கேட்டது இதே சத்தம். கரகரவென்று இழுத்து, பாதியில் அறுந்து, பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு மௌனம். திரும்பினால் கபூரின் தாடை நெஞ்சில் இருந்தது. எதிரே ஒரு தனியார் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். பஸ் எங்களை உரசாமல் போனது. கார் ரோட்டை விட்டு இறங்கி, அறுத்த சோளக்காட்டுக்குள் குதித்து, கிளுவை வேலியில் போய் முட்டி நின்றது. ஒரு விளக்கு உடைந்தது. எனக்கு நெற்றியில் சின்ன வீக்கம். அவ்வளவுதான். காட்டுக்காரர் ஓடி வந்தார். டிரைவர் குடித்திருக்கிறாரா என்று என்னிடம் கேட்டார்.

"வாழ்நாள்ல தொட்டதில்லீங்க" என்றார் கபூர். காட்டுக்காரர் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாதீங்க சார். இதே தூக்கத்துல ரெண்டு வேலை போயிருச்சுங்க. கண்ணுல தைலம் பூசிட்டுத்தானுங்க ஓட்டறேன். அப்படியும் வந்துருது."

நாய் குறுக்கே வந்தது என்று அவர் சண்முகத்திடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். மறுத்துப் பேசவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து கபூர் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நன்றிக்காகத்தான் என்று தெரியும். போகாமலிருக்க முடியவில்லை. ஓர் அறையும் சமையல் இடமும் கொண்ட வீடு. நெய்ச்சோறும் தால்ச்சாவும். பினாங்கில் எங்கள் தெரு முனைக் கடையிலும் இதே தால்ச்சா உண்டு, அங்கே காரம் குறைவு. கபூரின் மனைவி மும்தாஜ் வீட்டிலிருந்தே தைத்த பனியன்களில் தொங்கும் நூல் பிசிறு வெட்டுகிறவர். மூலையில் பனியன்கள் குவிந்து கிடந்தன. அவர் கண்ணுக்குக் கீழே மை தடவியது போலக் கறுத்திருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் கபூர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. பாதியில் அறுந்தது. நானும் மும்தாஜும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம். அவர் எட்டிக் கணவரின் தோளை உலுக்கினார். மூச்சு வந்தது. ராத்திரியிலும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"நெஞ்சு மேல கைய வெச்சுக்கிட்டுத்தானுங்ணா படுப்பேன். மூச்சு நின்னாக் கைக்குத் தெரிஞ்சுருமுங்க. பத்து எண்ணுவேன். வரலீன்னா உலுக்குவேன்."

அப்படியானால் நீங்கள் எப்போது தூங்குவீர்கள் என்றேன். அவர் பிசிறு வெட்டும் கத்தரியைப் பார்த்தார். அவரு வேலைக்குப் போன பிறகு கொஞ்சம் கண்ணயருவேன் என்றார், தப்பை ஒத்துக்கொள்வது போல.

என் வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்றில் நான், இன்னொன்றில் என் மனைவி சரோஜா. ஒன்பது வருஷத்துக்கு முன், தனக்குத் தூக்கம் வேண்டும் என்று சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு போனவள். என் குறட்டையைத் தாங்க முடியாமல் போனாள் என்று நினைத்துக்கொண்டேன். காற்றுப் பெட்டி வந்து குறட்டை நின்ற பிறகும் அவள் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். இந்த அம்மாள் ஒரே அறையில், கையை எடுக்காமல், பத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

லாட்ஜுக்கு அன்று ஆட்டோவில் திரும்பினேன். அந்த பஸ்ஸின் முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதில் எத்தனை பேர் நின்றுகொண்டு வந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். காலையில் நேரே சண்முகத்தின் அறைக்குப் போய், நாய் எதுவும் வரவில்லை என்று சொன்னேன்.

அவர் கபூரைக் கூப்பிட்டு வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். கபூர் சாவியை மேசைமேல் வைத்தார். என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வீட்டில் உட்கார வைத்து இவருக்குச் சோறு போட்டோமே என்ற நினைப்பு மட்டும் இருந்தது. சொல்லாமல் வெளியே போனார்.

நான் சண்முகத்திடம் இது சோம்பலில்லை, நோய் என்றேன். என் நோயைச் சொன்னேன். படகுக் கதையைச் சொன்னேன். லாட்ஜிலிருந்து பெட்டியை எடுத்து வந்து அவர் மேசைமேல் வைத்துக் காட்டினேன். அவர் முகமூடியைக் கையிலெடுத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன மாதிரி கை சுத்தமான ஆளு எனக்குக் கெடைக்கமாட்டானுங்க. ஆனா இனிமே சாவி தரமாட்டனுங்க" என்றார். கோயம்புத்தூரில் அவருக்குத் தெரிந்த நுரையீரல் டாக்டர் ஒருவர் இருந்தார். சண்முகமே அவருக்கு டெலிபோன் செய்தார்.

ஆறாம் நாள் நானும் கபூரும் மும்தாஜும் காற்றுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் கபூர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பாமலே வந்தார். அவிநாசியில் பஸ் டயர் பஞ்சரானது. எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றோம். மும்தாஜ் எனக்கு ஒரு தம்ளர் மோர் வாங்கி வந்து கொடுத்தார். அவர் கணவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வயதானவர், அவசரம் இல்லாதவர். கபூரின் கழுத்தை நாடாவால் அளந்தார், தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார், மும்தாஜிடம்தான் நிறைய நேரம் பேசினார். இதைப் படித்திருக்கிறேன், இப்படிப்பட்ட நோயாளிகள் இரண்டு மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் முறையாகச் சோதிக்கும் வசதி சென்னையில்தான் உண்டு என்றார். என் இயந்திரத்தை ஓர் இரவு தர முடியுமா என்று கேட்டார். காற்றின் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும், இன்னொருவருடையதைத் தானாக எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது, ஆனால் தன் ஆஸ்பத்திரியில் தன் கண் முன்னால் குறைந்த அழுத்தத்தில் பார்க்கலாம் என்றார். முகமூடியை நர்ஸ் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தார். கபூரின் விரலில் ரத்தத்தின் பிராணவாயுவைக் காட்டும் கருவியை மாட்டினார்கள்.

நான் பக்கத்தில் ஒரு லாட்ஜில் படுத்தேன். பெட்டி இல்லாத இரவு இரண்டு வருஷமாக எனக்கு வந்ததில்லை. பழசெல்லாம் திரும்பி வந்தது. மூச்சுத் திணறி எழுந்தேன், நெஞ்சு அடித்துக்கொண்டது, படுத்தேன், மறுபடி எழுந்தேன். எத்தனையோ முறை. நான் திணறினால் உலுக்குவதற்கு அந்த அறையில் யாரும் இல்லை. விடியும்போது தலை பாறையாகக் கனத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கபூர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் முகமூடி அழுத்திய தடம். டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டி, பாதி இரவு பெட்டி இல்லாமல் விழுந்து விழுந்து எழுந்த பிராணவாயு எண்கள், மீதிப் பாதி பெட்டியுடன் ஒரே கோடாக ஓடின என்றார். மும்தாஜ் கட்டிலுக்குக் கீழே தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் சுற்றி நடந்தும் அவர் அசையவில்லை.

"எழுப்பாதீங்க சார்" என்றார் கபூர். சாவி கொடுத்த பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கொஞ்ச நேரம் கழித்து, "தலை இத்தனை லேசா இருந்து எத்தனை வருசமாச்சுங்க" என்றார். பிறகு அவர் அழுதார். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டாம் நாள் எங்கள் ஆர்டர் பெட்டிகள் லாரி ஏறின. சண்முகம் கபூரைத் துணிக் குடோனில் வேலைக்குப் போட்டார். சென்னைச் சோதனைக்கு டாக்டர் கடிதம் கொடுத்தார். இயந்திரம் வாங்கும் வழியைக் கம்பெனியும் ஜமாத்தும் சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு. அதுவரை ஒருக்களித்துப் படுக்கவும் உடம்பைக் குறைக்கவும் டாக்டர் சொல்லியிருந்தார். சிகிச்சை சரியாக அமைந்து, டாக்டர் எழுதித் தரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லியிருந்தார்.

அன்று மாலை கடைத்தெருவில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து சரோஜாவுக்குப் பேசினேன். கண்ணாடிக் கூண்டு, உள்ளே மின்விசிறி இல்லை, தலைக்கு மேலே கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் ஓடின. வெளியே ஷிப்ட் முடிந்த கூட்டம் சைக்கிள் மணியடித்துப் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக நாங்கள் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச மாட்டோம். அன்று நான் மும்தாஜைப் பற்றிச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துப் படுப்பதை, பத்து எண்ணுவதைச் சொன்னேன்.

"நான் சத்தத்துக்காகவா ரூம் மாறினேன்னு நினைச்சிங்க?" என்றாள் சரோஜா.

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சத்தம் பழகிடுச்சு. அது நிக்கறதுதான் என்னால முடியல. நானும் ரெண்டு வருஷம் அப்படிக் கை வச்சுத்தான் படுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவ்வளவுதான்னு நினைப்பேன். ஒரு நாள் மூச்சு திரும்பி வராமலே போனா, பக்கத்துல இருந்து அதைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. ஓடிட்டேன்."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே" என்றாள்.

பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டினார். எனக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். வைத்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒன்பதாம் நாள் கிளம்பினேன். கபூர் குடோனிலிருந்து சைக்கிளில் வந்து லாட்ஜ் வாசலில் காற்றுப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அவருக்கு ஏழு மாதம் கழித்துத்தான் இயந்திரம் கிடைத்தது என்று சண்முகம் பின்னால் எழுதினார். டிரைவர் வேலைக்கு அவர் திரும்பவில்லை. குடோனே போதும் என்றுவிட்டாராம்.

சரோஜா இன்னும் அவள் அறையில்தான் படுக்கிறாள். அத்தனை வருஷப் பழக்கம், நான் வற்புறுத்தவில்லை. பெட்டி ஓடும் உஸ் என்ற சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடுகிறதாம். சாத்தினால் கேட்காது என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள்.